திரைக்குப் பின்னால் ஒரு ஸ்டூல்

டெல்லி ஆர்.கே.புரத்துத் தமிழர்களில் லீலாவதியின் முகம் தெரியாதவர்கள் இருக்கலாம். குரல் தெரியாதவர்கள் கிடையாது. செக்டரின் இந்த முனையில் நின்று அவள் வண்டிக்காரரிடம் வெண்டைக்காய் முற்றல் என்று சொன்னால், அந்த முனையில் இருப்பவர்கள் வெண்டைக்காய் வாங்குவதை நிறுத்திவிடுவார்கள். திருநெல்வேலியில் பிறந்து, தேர்வெழுதி மத்திய அரசு வேலைக்கு வந்து, ஒவ்வொரு படியாக ஏறி, இன்றைக்கு ஓர் அமைச்சகத்தில் டைரக்டர். உழைப்பாளி. யாருக்கு என்ன கஷ்டம் என்றாலும் முதல் ஆளாகப் போய் நிற்பவள். ஒரே ஒரு குறை, எதையும் அடுத்தவர் செய்து முடிக்கும் வரை அவளால் பொறுத்திருக்க முடியாது. அந்தக் குறை அவளைத் தவிர மற்ற எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அலுவலகத்தைவிட அவள் உயிரை வைத்திருந்தது நாடகத்தின் மேல்தான். டெல்லிக்கு வந்த புதிதில் இந்தியும் தெரியாமல், குளிரும் தாங்காமல், ஊருக்கே திரும்பிவிடலாமா என்று அழுதுகொண்டிருந்தவளுக்கு இந்த ஊரைச் சொந்த ஊராக்கியது பொதிகை நண்பர் மன்றத்தின் நாடகக் குழு. பிறகு அந்தக் குழுவே அவள் கைக்கு வந்தது. கதை, வசனம், இயக்கம் மட்டுமல்ல, யாருக்கு என்ன புடவை என்பது வரைக்கும் லீலாவதிதான். நாடகம் நடக்கும்போது மேடை ஓரத்தில், திரைக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் போட்டு, கையில் வசனக் கட்டோடு உட்கார்ந்து, நடிகர்களுக்கு வரி வரியாக எடுத்துக்கொடுப்பவளும் அவளேதான்.

அந்தக் குழுவுக்குத்தான் இப்போது ஆபத்து வந்திருந்தது. பொங்கலை ஒட்டி டெல்லித் தமிழ்க் குழுக்களுக்குள் வருஷா வருஷம் நடக்கிற நாடகப் போட்டியில், போன தடவை பொதிகைக்குக் கடைசி இடம். ஆறுதல் பரிசு வாங்க மேடையேறியபோது கை தட்டியவர்கள் எல்லோரும் சொந்தக்காரர்கள். மன்றத் தலைவர் ஜெயகிருஷ்ணன் விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. இந்தத் தடவையும் இப்படியே ஆனால் நாடகத்தை நிறுத்திவிட்டு சினிமாப் பாட்டுக் கச்சேரி வைத்துவிடலாம், ஜனங்களாவது சந்தோஷப்படுவார்கள் என்று கமிட்டியில் சொல்லிவிட்டார்.

தோற்றதற்குக் காரணம் அவளுக்கு நன்றாகத் தெரியும். பிள்ளைகளுக்குத் தமிழ் வரவில்லை. பிள்ளைகள் என்றால் குழந்தைகள் இல்லை. கதாநாயகன் பிரதீப்புக்கு முன்பக்கம் வழுக்கை விழ ஆரம்பித்துவிட்டது. ஆனால் டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். தமிழ் பேசுவார்கள், படிக்க வராது. வசனத்தை இந்தி எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு மனப்பாடம் செய்கிற கூட்டம். இதுகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று வெகுவாக யோசித்து அவள் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். இந்த வருஷம் ஸ்டூலை இன்னும் கொஞ்சம் முன்னால் போட வேண்டும். இன்னும் கொஞ்சம் சத்தமாக எடுத்துக்கொடுக்க வேண்டும்.

இப்படியிருக்கும்போதுதான் திருக்கார்த்திகை அன்று மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போனாள். நல்ல கூட்டம். பிரசாத வரிசை கோணலாக நிற்பதைப் பார்த்ததும் அவளுக்குக் கை பரபரத்தது. கோயில்காரர்கள் வாய் திறப்பதற்குள், வரிசையா வாங்க, பெரியவங்களுக்கு வழி விடுங்க, பையா ஜரா பீச்சே, கொஞ்சம் பின்னால போங்க என்று இரண்டு மொழியிலும் கூட்டத்தை ஒழுங்குபடுத்த ஆரம்பித்துவிட்டாள். முன்னால் சர்க்கரைப் பொங்கல் தொன்னையோடு நின்ற ஓர் அம்மாள் சட்டென்று திரும்பினாள். கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பேச்சு. குளிர் காலத்தில் மகன் வீட்டுக்கு வந்து தங்குகிறவள்.

"ஏனுங்க, இந்தக் குரலை எங்கியோ கேட்டிருக்கனுங்க. போன பொங்கலுக்கு நாடகத்துல அசரீரியா வந்தது நீங்கதானுங்களே?"

அந்த நாடகத்தில் அசரீரி என்று ஒரு வேஷமே கிடையாது என்று லீலாவதி சொல்லிப் பார்த்தாள். அந்த அம்மாள் விடுவதாக இல்லை.

"அதுதானுங்க, ஒரு குரல் எல்லாத்தையும் முன்னாடியே சொல்லிப்போடும், அப்புறம் மனுசங்க அதையே சொல்லுவாங்களே. விதி சொல்றபடிதான் நாம பேசறோம்னு காட்டறாங்கன்னு எம் பையன்கிட்டக்கூடச் சொன்னனுங்க. நல்ல கற்பனைங்க. ஆனா பாவம், அந்த மனுசங்களுக்குத்தான் செய்யறதுக்கு ஒண்ணுமே இல்லாமப் போச்சு."

கேலியாகச் சொல்லியிருந்தால் லீலாவதி பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பாள். மனசாரப் பாராட்டுகிறவளை என்ன செய்ய முடியும்? பிரசாதம்கூட வாங்காமல் வீட்டுக்குக் கிளம்பினாள்.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாகக் கணவர் மாணிக்கவாசகத்திடம் கொட்டித் தீர்த்தாள். நாடகம் பார்க்கத் தெரியாத ஜென்மங்கள் என்றாள். அவர் பேப்பரில் இருந்து தலையை எடுக்கவில்லை. அதுதான் அவளை உறுத்தியது. ஒத்துக்கொள்ள முடியாத விஷயம் என்றால் அவர் பேப்பருக்குள் இன்னும் கொஞ்சம் ஆழமாகப் போய்விடுவார் என்பது இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவளுக்குத் தெரியாதா?

"ஏங்க, நெசமாவே அப்படியா கேட்டுது?"

"வீடியோ இருக்குல்லா. போட்டுப் பாரேன்," என்றார் அவர், பேப்பருக்குள் இருந்தபடியே.

தோற்ற நாடகத்தின் வீடியோவை யார் பார்ப்பார்கள்? இத்தனை நாள் அவள் அதைத் தொடவே இல்லை. இப்போது டீவியில் போட்டாள். அம்மா, எனக்கு உத்தரவு கொடுங்கள் என்றது ஒரு குரல். கணீரென்று, ஹால் முழுக்க நிறைந்து, அவளுடைய சொந்தக் குரல். அதற்குப் பிறகு பிரதீப் மேடையில் நின்று, அம்மா எனக்கு உத்தரவு கொடுங்கள் என்றான். அப்படியே சென்று வா மகனே என்றது அதே குரல். அதற்குப் பிறகு தாய் வேஷம் போட்ட ஸ்ம்ருதி, அப்படியே சென்று வா மகனே என்றாள். லீலாவதிக்குக் காது சுட்டது.

மைக் பக்கத்தில் இருந்திருக்கும், ஹால் சரியில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது போதவில்லை. நான் சொல்லாவிட்டால் இதுகள் வாயே திறக்காதே என்றாள். இது கொஞ்சம் உறுதியான காரணம். இதைப் பிடித்துக்கொண்டு மேலே பார்க்கலாம் என்று நினைத்தாள். அப்போதுதான் அந்த இடம் வந்தது. பிரதீப் தானாகவே வாயைத் திறக்கிறான். முதல் சொல் சரியாக வருகிறது. அதற்குள் திரைக்குப் பின்னால் இருந்து குரல் கேட்கிறது. அவன் வாயை மூடிக்கொள்கிறான். குரல் முடியும் வரை மரியாதையாகக் காத்திருந்து, பிறகு அதே வசனத்தைச் சொல்கிறான்.

அவனுக்கு வசனம் தெரிந்திருந்தது. அவள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். சந்தேகமே இல்லை, தெரிந்திருந்தது. அதற்குப் பிறகு மற்றவர்களைப் பார்த்தபோதும் புரிந்தது. அவர்கள் மேடை ஓரத்தை அடிக்கடி பார்ப்பது மறந்துபோனதால் அல்ல. பேசலாமா என்று கேட்பதற்காக. இவ்வளவு காலமாக யார் யாரைக் கெடுத்துக்கொண்டிருந்தார்கள் என்று அவளுக்குப் பளிச்சென்று விளங்கியது. ஊரெல்லாம் சுற்றித் தேடிய திருடன் கண்ணாடிக்குள் இருந்தான். லீலாவதிக்கு அழுகை வந்தது; அழுதாள். மாணிக்கவாசகம் பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் காபி போட எழுந்தார்.

மறுநாள் அலுவலகத்தில் இன்னொரு அடி விழுந்தது. கௌதமன் என்று அவளுக்குக் கீழே ஓர் அதிகாரி, நாமக்கல்காரன், வந்த புதிதில் பக்கம் பக்கமாகக் குறிப்பு எழுதியவன். இப்போதெல்லாம் இரண்டு வரி எழுதிக் கொண்டுவருகிறான். அன்றும் கோப்பை நீட்டிவிட்டு நின்றான். அவன் பார்வை கோப்பில் இல்லை, அவள் பேனாவில் இருந்தது. அந்தப் பார்வையை முந்தின நாள்தான் டீவியில் பார்த்திருந்தாள். பேனாவை மூடி வைத்துவிட்டு, இதில் உங்களுக்கு என்ன தோன்றுகிறது, அதையே எழுதிக் கொண்டுவாருங்கள் என்றாள். கௌதமனுக்கு முகம் வெளுத்துவிட்டது. தன்னை எங்கேயோ தூக்கி அடிக்கப்போகிறார்கள் என்று அவன் கேண்டீனில் புலம்பியதாகப் பிறகு கேள்விப்பட்டாள்.

அந்த வாரம் சமுதாயக் கூடத்தில் ஒத்திகை. குழு மொத்தமும் வந்திருந்தது. கண்காணிப்பதற்காக ஜெயகிருஷ்ணனும் வந்து உட்கார்ந்திருந்தார். வீட்டில் இருந்து கிளம்பும்போது தைரியமாகத்தான் கிளம்பினாள். இங்கே வந்ததும் பேச்சை எடுக்காமல் நாற்காலிகளை நேராக்க ஆரம்பித்தாள். இத்தனை பேரை அதட்டியிருக்கிறாள், மிரட்டியிருக்கிறாள், சாப்பாடு போட்டு அழைத்து வந்திருக்கிறாள். தப்பு என்னுடையது என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

"போன வருஷம் தோத்தது உங்களால இல்ல, என்னால. நீங்க வாயத் தெறக்கதுக்கு முன்னாடியே நான் பேசிட்டேன். உங்களுக்கு வசனம் தெரியும், நான்தான் நம்பல. இந்த வருஷம் எடுத்துக்கொடுக்க யாரும் கெடையாது. ஸ்டூலும் கெடையாது."

இது ஏதோ புது விதமான திட்டு என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பிரதீப் மெதுவாகக் கையைத் தூக்கி, "ஆன்ட்டி, நாங்க ஏதாச்சும் கல்தி, அதான் தப்பு, பண்ணிட்டோமா?" என்று கேட்டான். அவர்களை நம்ப வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஜெயகிருஷ்ணன் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, ஜெயித்த பிறகு அடுத்த வருஷம் இந்தச் சோதனையெல்லாம் வைத்துக்கொள்ளுங்கள் மேடம் என்றார். இப்படியே போனால் அடுத்த வருஷம் என்று ஒன்று இருக்காதே என்றாள் லீலாவதி. அப்படிச் சொன்னதே அவர்தானே.

வேறு என்ன தப்பு செய்கிறேன், சொல்லுங்கள் என்று பிள்ளைகளிடம் கேட்டாள். எல்லோரும் தங்கள் ஷூவைப் பார்த்தார்கள். அடுத்த ஒத்திகையிலும் கேட்டாள், அப்போதும் ஷூதான். அதற்கடுத்த தடவை ஸ்ம்ருதி வாயைத் திறந்தாள். வங்கியில் வேலை செய்கிற பெண், சாதாரணமாக எதற்கும் தலையாட்டிவிட்டுப் போகிறவள்.

"சச்... உண்மையைச் சொல்லட்டுமா ஆன்ட்டி? இந்த நாடகத்துல நான் பண்ற வைஃப் பேசற மாதிரி எங்க வீட்டுல யாருமே பேச மாட்டாங்க. அதான் எனக்கு வாயில நிக்கவே மாட்டேங்குது."

லீலாவதிக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. இந்த வருஷக் கதையை அவள் லீவு போட்டு எழுதியிருந்தாள். ஓய்வு பெறுகிற ஒரு குமாஸ்தா, அரசாங்கக் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும், மனசு வரவில்லை. வீட்டைப் பார்த்து அவர் விடைபெறுகிற கடைசி வசனம் ஒரு முழுப் பக்கம், ஒவ்வொரு சொல்லும் செதுக்கியது. அப்படிப்பட்ட எழுத்தையா வாயில் நிற்கவில்லை என்கிறாள் இவள்? கேட்டது நீதான் என்று தனக்குத்தானே ஒரு குட்டு வைத்துக்கொண்டு, கோபத்தை விழுங்கினாள். உங்கள் வீட்டில் எப்படிப் பேசுவார்களோ அப்படியே பேசிக் காட்டு என்றாள். ஸ்ம்ருதி பேசிக் காட்டினாள். சிரிக்காமல் இருந்தவர் யாருமில்லை, லீலாவதி உட்பட. கடைசி வசனத்தைத் தவிர மற்றதையெல்லாம் அவர்களே பேசிப் பேசி மாற்றிக்கொண்டார்கள். அந்த ஒரு பக்கத்தை மட்டும் அவளால் விட முடியவில்லை. நானும் மனுஷிதானே என்று சமாதானம் செய்துகொண்டாள்.

அதற்குப் பிறகு வந்த ஒத்திகைகளைப் பற்றிச் சொல்லாமல் இருப்பதே நல்லது. ஒரு நாள் முழு நாடகமும் பாதி நேரத்திலேயே முடிந்துவிட்டது. நடுவில் ஒரு காட்சியை எல்லோரும் சேர்ந்து மறந்துவிட்டார்கள். யாராவது தடுமாறும்போது லீலாவதிக்கு நாக்கு துடிக்கும். வாயை அடைக்க ஒரு துண்டு கல்கண்டைப் போட்டுக்கொள்வாள். அந்த மாதம் வீட்டில் கல்கண்டு வாங்கி மாளவில்லை. ஆனால் மெள்ள மெள்ள ஒன்று நடந்தது. ஒருவர் தடுமாறினால் அடுத்தவர் ஓரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு, தடுமாறியவரின் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள். பிரதீப் தன் வீட்டில் தனியாக ஓர் ஒத்திகை வைத்தான், அவளிடம் சொல்லாமலே. அது தெரிந்தபோது அவளுக்கு ஒரு பக்கம் சுருக்கென்றது; ஒரு பக்கம் குதிக்கலாம் போல இருந்தது.

போட்டி நாளன்று பகலிலேயே பனிமூட்டம். ஹாலுக்குள் போனதும் லீலாவதியின் கால் பழக்கத்தில் மேடை ஓரத்துக்குத்தான் போயிற்று. அங்கே ஸ்டூல் இருந்தது, மேலே ஒரு வசனக் கட்டும். பக்கத்தில் ஜெயகிருஷ்ணன் அசடு வழிய நின்றுகொண்டிருந்தார். சும்மா, ஒரு பாதுகாப்புக்கு என்றார். அவள் அந்தக் கட்டை எடுத்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டு, இறங்கிப் போய், ஐந்தாவது வரிசையில் மாணிக்கவாசகத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். தன் நாடகத்தை ஹாலில் முன்னால் இருந்து பார்ப்பது அவளுக்கு இதுதான் முதல் தடவை. மேடையில் ஒலிக்கும்போது இவர்களுடைய குரலெல்லாம் இப்படி இருக்கும் என்றே அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. பிரதீப்பின் குரலில் இவ்வளவு கனம் உண்டா? ஸ்ம்ருதி ஒரு வார்த்தை பேசினால் ஹால் சிரிக்கிறது. லீலாவதி வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள்.

கடைசிக் காட்சி வந்தது. சாமான்களெல்லாம் ஏற்றியாகிவிட்டது, காலி வீடு. குமாஸ்தாவாக நடித்த பிரதீப் நடுவில் வந்து நின்றான். அவளுடைய அந்த ஒரு பக்கத்தைப் பேச வேண்டிய இடம். அவன் வாயைத் திறந்தான். எதுவும் வரவில்லை.

அவன் கண் மேடை ஓரத்துக்குப் போனது. அங்கே வெறும் ஸ்டூல். ஹாலில் யாரோ இருமினார்கள். லீலாவதிக்கு அந்தப் பக்கம் முழுவதும் நாக்கு நுனியில் நின்றது. முதல் சொல்லை மட்டும் கொடுத்தால் போதும், ஐந்தாவது வரிசையில் இருந்தே கேட்கும். அவள் குரலுக்கு அது ஒரு தூரமா? குழுவின் உயிரே போகப்போகிறது, வாயைத் திற என்று ஒரு மனம் அடித்துக்கொண்டது. கல்கண்டு கூட இல்லை. அவள் மாணிக்கவாசகத்தின் கையைப் பிடித்தாள். நகம் பதிந்ததில் அவர் முகம் சுளித்தார், கையை எடுக்கவில்லை. அவள் பேசவில்லை.

மேடையில் மனைவியாக நின்ற ஸ்ம்ருதி அவன் முகத்தைப் பார்த்தாள். வெளியே போகத் திரும்புகிறவள் போல இரண்டடி வைத்து, நின்று, ரொம்ப சாதாரணமாகக் கேட்டாள்.

"என்னங்க, கீசரை ஆஃப் பண்ணீங்களா?"

ஹால் வெடித்துச் சிரித்தது. டெல்லிக் குளிரில், வீட்டுக்கு வீடு தினமும் கேட்கிற கேள்வி. பிரதீப்பும் சிரித்துவிட்டான், குமாஸ்தாவாகவே சிரித்தான். சுவருக்குப் போய் ஸ்விட்ச்சில் கை வைத்தான். கையை எடுக்காமல் அப்படியே நின்றான். சிரிப்பு தானாக அடங்கியது.

"பண்ணிட்டேன்மா. நாளைக்கு இதை வேற யாரோ போடுவாங்க. கொஞ்சம் லேட்டாத்தான் சூடாகும்னு அவங்களுக்கு யாரு சொல்றது?"

அவ்வளவுதான். விளக்கு அணைந்தது. பிறகு எழும்பிய கைதட்டல் லீலாவதியின் முதுகில் வந்து மோதியது. முன் வரிசைகளில் குவார்ட்டர்ஸைக் காலி செய்தவர்களும் செய்யப்போகிறவர்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டே எழுந்து நின்று தட்டினார்கள். அவள் செதுக்கிய ஒரு பக்கத்தில் இல்லாதது அந்தக் கீசரில் இருந்தது. அது அவளுக்குத் தெரிந்தது; தெரிந்ததில் கொஞ்சம்கூட வருத்தம் இல்லை. அவளும் எழுந்து நின்று உள்ளங்கை சிவக்கத் தட்டினாள்.

முதல் பரிசு பொதிகைக்கு. நடுவர்களில் மூத்தவர் மைக்கைப் பிடித்து, அந்தக் கீசர் வசனத்தை எழுதியவர் யார், மேடைக்கு வரவேண்டும் என்றார். குழு மொத்தமும், பழக்க தோஷம், லீலாவதியைத் திரும்பிப் பார்த்தது. ஸ்ம்ருதியும்தான். ஓடிப்போய் மாலை வாங்கிக்கொண்டால் ஒருவரும் மறுக்கப் போவதில்லை. லீலாவதி இருந்த இடத்திலேயே எழுந்தாள்.

"நான் எழுதல. நான் எழுதுனது வேற, அது மறந்து போனதே நல்லது. இது ஸ்ம்ருதி அந்த நிமிஷத்துல கேட்டது. பதில் சொன்னது பிரதீப். அவங்களைக் கூப்பிடுங்க."

ஸ்ம்ருதி இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். பிரதீப் அவள் முழங்கையைப் பிடித்து முன்னால் இழுத்துக்கொண்டு போனான். ஜெயகிருஷ்ணன் யாரும் கேட்காமலே கமிட்டிக்காரர்களிடம், அடுத்த வருஷம் நாடகத்துக்கு இன்னும் கூடுதல் நேரம் ஒதுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வசனக் கட்டு இன்னமும் அவர் கக்கத்தில் இருந்தது.

வெளியே வரும்போது வாசலில் யாரோ அவள் தோளைத் தொட்டார்கள். மலை மந்திரில் பார்த்த அதே கோயம்புத்தூர் அம்மாள், கழுத்து வரை ஸ்வெட்டரும் மப்ளருமாக.

"நாடகம் பிரமாதமுங்க. அழுதே போட்டனுங்க. ஆமா, இந்தத் தடவை அசரீரி வரலீங்களா?"

"வந்திருந்தாங்கம்மா. அஞ்சாவது வரிசைல உக்காந்து கை தட்டிக்கிட்டு இருந்தாங்க," என்றாள் லீலாவதி, தெருக்கோடி வரை கேட்கிற குரலில்.